மூன்று கேள்விக்கு அப்புறம்

சென்ற சனிக்கிழமை, மெல்பர்ன் பொயிண்ட் குக்கில் நான் வழக்கமாகப் போகும் மளிகைக் கடை. ஃப்ரீசர் கதவைத் திறந்து தேங்காய்த் துருவல் பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கலாம். டிராலியில் அரிசி மூட்டை. இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சார், பத்திரிகையில உங்க பத்திய விடாம படிப்பேன். போன வாரம் போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்களே... ஆன்லைன்ல தெரபி எடுத்துக்கறேன்னு. அது... எப்படி சார் இருக்கும்?”

“எப்படின்னா?”

“என்ன கேப்பாங்க? நாம ஏதாவது ரெடி பண்ணிட்டு உக்காரணுமா? அப்புறம்... வீட்ல இருக்கறவங்களுக்குக் கேக்குமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய கணவர் துவரம்பருப்போடு வந்து சேர்ந்தார்.

“தேங்கா இந்த பிராண்ட் நல்லா இருக்குமா சார்?” என்றார் அந்தப் பெண், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல்.

“நல்லா இருக்கும்மா” என்றேன்.

அங்கே சொல்ல முடியாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் ஒருவருக்காக மட்டும் இல்லை. ஒரே வரிக்கு இதுவரை ஒன்பது மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒன்பது பேரும் ‘என் நண்பருக்காகக் கேட்கிறேன்’ என்றுதான் ஆரம்பித்திருக்கிறார்கள்.

நான் எனக்காகப் போனேன். ஏன் போனேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நம் வீடுகளில் அப்பாக்கள் போன் பேசும் முறை உங்களுக்குத் தெரியும். பிள்ளை வெளியூரிலிருந்து கூப்பிடும். அப்பா எடுப்பார். ‘சாப்பிட்டியா? வேலை எப்படிப் போகுது? அங்க மழையா?’ மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் வந்ததும், ‘இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்.’ அதோடு அப்பாவின் பங்கு முடிந்தது. பிறகு அம்மா ஒரு மணி நேரம் பேசுவார். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து டீவி பார்ப்பார் — டீவி மியூட்டில் இருக்கும்.

எங்கள் வீட்டிலும் இப்படித்தான். மகள் அபி சிட்னியில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுவாள். நான் எடுப்பேன். மூன்று கேள்வி. எழுந்து சமையலறைக்குப் போய் சுகந்தியிடம் போனை நீட்டுவேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்குவாள். ஹாலுக்கு வந்து உட்கார்ந்து பேசுவாள். பேசி முடித்ததும் எனக்குச் செய்திச் சுருக்கம் வாசிப்பாள். ‘அபிக்குப் பல் வலியாம். அந்த மேனேஜர் மாறிட்டாராம்.’ எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, வேலைக்குக் கிளம்பி நின்ற சுகந்திக்கு மூளையில் ரத்தக் கசிவு. வெள்ளிக்கிழமை மதியம் இறந்துவிட்டாள். ஐம்பத்தோரு வயது.

அபி வந்தாள், ஐந்து வாரம் இருந்தாள், திரும்பிப் போனாள். ஞாயிறு ஐந்து மணிப் பேச்சு தொடர்ந்தது. ஆனால் இப்போது மூன்று கேள்விக்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். ‘சரிப்பா... வேலை இருக்கு.’ ‘சரிம்மா.’ நான்கு நிமிடம். சில வாரம் மூன்று.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு அந்த ஞாயிறு.

சாப்பிட்டாளாம். வேலை பரவாயில்லையாம். மழை இல்லையாம். நான் சொன்னேன் — “இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்தேன். நடந்தேன். சமையலறை வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போனைத் திரும்பக் காதில் வைத்தபோது இணைப்பு இல்லை.

அன்றே ஒரு மெசேஜ் வந்தது. ‘கொஞ்ச நாளைக்கு கால் வேண்டாம்பா. டெக்ஸ்ட் பண்றேன்.’

டெக்ஸ்ட் வந்தது. ‘ஃபைன் பா.’ ‘பிஸி பா.’ ‘டேக் கேர் பா.’ மகளின் குரலைக் கேட்டு ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். ஒருமுறை அவளுடைய வாய்ஸ்மெயில் வாசகத்தைக் கேட்பதற்காகவே, அவள் வேலையில் இருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். ‘ஹாய், திஸ் இஸ் அபி, லீவ் எ மெசேஜ்.’ ஆறு விநாடி. நான் எதையும் லீவ் பண்ணவில்லை.

எனக்கு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே எதிர் மேசைக்காரர் குணா, யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் என் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

“என்ன ஐசே, மூண்டு நாளா அதே தயிர்ச்சோறு?”

“சமைக்கத் தோணல.”

“சமையல் இல்லை உம்மட பிரச்சினை.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் போன வருசம் ஆரோ ஒராளோட கதைச்சனான். கம்ப்யூட்டரில. குசினி மேசையில இருந்துகொண்டே. ஏன் முழிக்கிறீர்?”

“நீங்களா?”

“ஓம், நான்தான். எனக்கென்ன கொம்பா? அவையள் அட்வைஸ் ஒண்டும் தரமாட்டினம், அதுதான் ஒரே சோலி. ஆனா கதைக்க விடுவினம்.”

அபியும் ஏற்கெனவே ஒரு மெசேஜில் சொல்லியிருந்தாள். ‘யாராவது ப்ரொஃபெஷனல்கிட்ட பேசுங்க பா. என்கிட்ட இல்ல.’ அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நான் பல தடவை படித்திருக்கிறேன்.

குடும்ப டாக்டரான ஜிபியிடம் போனேன். பத்து நிமிடம் கேட்டார், மனநல ஆலோசனைக்கு ஒரு பிளான் எழுதிக் கொடுத்தார். தமிழ் பேசுகிறவர் வேண்டும், ஆனால் மெல்பர்னில் இருப்பவர் வேண்டாம் என்று படிவத்தில் எழுதினேன். இங்கே இருப்பவர் என்றால் கோயிலில் சுண்டல் வரிசையில் எனக்கு முன்னால் நிற்க வாய்ப்பிருக்கிறதே. அடிலெய்டில் ஒருவர் கிடைத்தார். சரளா.

ஆன்லைனில் பேசப் போகிறவர்கள் அந்தப் படிவத்துக்குத் தயாராக இருங்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா... இதற்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்.’ இருபத்தாறு வருடமாக விரல் தானாக ‘சுகந்தி’ என்று நிரப்பிய கட்டம். அபியின் பெயரை எழுதினேன். எனக்கு ஏதாவது ஆனால், என்னோடு பேச விரும்பாத ஒருத்தியைக் கூப்பிடுவார்கள்.

முதல் அமர்வு, செவ்வாய் மாலை நான்கு மணி. ஏழு நிமிடம் முன்பாகவே லிங்க்கைத் தட்டினேன். ‘காத்திருக்கவும்’ என்றது திரை. நான்கு ஆயிற்று. நான்கு ஐந்து. நான்கு பதினைந்து. அடிலெய்டின் நான்கு மணி நமக்கு நாலரை மணி என்பது நான்கு இருபதுக்குத்தான் உறைத்தது. நாட்குறிப்பில் நிமிடக் கணக்கு எழுதுகிற மனிதன்! முப்பத்தேழு நிமிடம் திரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுகந்தி போனபிறகு நான் கண்ணாடியை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. யார் இந்த ஆள் என்று இருந்தது. (நம் முகத்தை மறைக்க ஒரு பொத்தான் உண்டு. அமர்வு தொடங்கியதும் அதைத்தான் முதலில் தேடுங்கள்.)

நாலரைக்கு அவர் வந்தார். முப்பத்தெட்டு, நாற்பது வயது. பின்னால் ஒரு செடி.

“வணக்கம் சார். இப்ப எந்த அட்ரஸ்ல இருக்கீங்க? லைன் கட்டாச்சுன்னா எந்த நம்பர்ல கூப்பிடட்டும்? வீட்ல வேற யாரும் இருக்காங்களா?”

இந்த மூன்றும் எல்லாரிடமும், ஒவ்வொரு முறையும் கேட்பார்களாம். முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொன்னேன்.

“யாரும் இல்ல” என்று சொல்லச் சற்று நேரம் ஆனது.

“சரிங்க. இங்க பேசறது இங்கயே இருக்கும். உங்களுக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும்தான் நான் வெளிய பேசுவேன். ஏதாவது கேக்கணுமா?”

“உங்களுக்குச் சொந்த ஊர் எது மேடம்?”

சிரித்தார். “அதை ஆரம்பிச்சா நமக்கு இருபது நிமிஷம் போயிடும் சார். கடைசில சொல்றேன்.”

நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். இரண்டு பக்கம். ‘பின்னணி’, ‘பிரச்சினை’, ‘எதிர்பார்க்கும் தீர்வு’ என்று மூன்று தலைப்பு. ஸ்கிரீன் ஷேர் செய்தேன். பொறுமையாக முழுவதும் படித்தார்.

“ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க.”

“நன்றி மேடம்.”

“இப்ப அதை மூடிடலாமா?”

மூடினேன். அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. திரை உறைந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

“ஹலோ... கேக்குதா மேடம்?”

“கேக்குது சார். நான் சும்மாதான் இருக்கேன்.”

ஃப்ரீசர் பக்கத்தில் கேட்ட அம்மணிக்கு முதல் பதில் இதுதான். ஒன்றும் ரெடி பண்ண வேண்டாம். ரெடி பண்ணினால் மூடச் சொல்வார்கள். சிரமம் கேள்வியில் இல்லை — கேள்வி வராத நேரத்தில் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்குமா என்றால், கேட்கும். இங்கே வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. ஹெட்போன் போட்டால் அவர் பேசுவது கேட்காது, நீங்கள் பேசுவது கேட்கும். கராஜில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்களாம். சரளா சொன்னார். எனக்கு அந்த வசதி தேவைப்படவில்லை. என் வீட்டில் எந்த அறையில் இருந்து எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் ஒன்றுதான்.

ஐம்பதாவது நிமிடத்தில், “சொந்த ஊர் ஈப்போ, மலேசியா” என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

இரண்டாவது அமர்வில் நேரடியாகக் கேட்டேன். “என் மகள் பேசணும். அதுக்கு நான் என்ன செய்யணும்? அதை மட்டும் சொல்லிடுங்க மேடம்.”

“அவங்க பேசினா, எதைப் பத்திப் பேச ஆசைப்படறீங்க?”

“அவளைப் பத்தி.”

“அபி இதுவரைக்கும் உங்ககிட்ட சொன்னதுல ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன். சின்ன விஷயமா இருந்தாலும் சரி.”

“டயரில இருக்கும்” என்றேன். சற்றுப் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு என் நாட்குறிப்புகள் பற்றித் தெரியும். ஆஸ்திரேலியாவுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியவை. அமர்வு முடிந்ததும் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தேன். சுகந்தி இறப்பதற்கு முந்தைய வருடம். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் புரட்டினேன்.

‘அபி போன். 54 நி. நலம்.’

‘அபி போன். 1 மணி 10 நி. நலம்.’

‘அபி போன். 48 நி. லேசான சளி. நலம்.’

வருடம் முழுவதும் நலம். எவ்வளவு நேரம் பேசினாள் என்பது என்னிடம் இருக்கிறது. என்ன பேசினாள் என்பது சுகந்தியிடம் இருந்தது.

அன்று அலமாரிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எது இல்லாமல் இவ்வளவு தவிப்பு என்று அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது. நான் அபியின் குரலை நீண்ட நேரம் கேட்டதே கிடையாது. கேட்டதெல்லாம் சுகந்தியின் பக்கத்துப் பாதி. ‘ம்... ம்... அட, அவளா அப்படிச் சொன்னா? ... ம்... நீ முதல்ல சாப்பிடு... அப்புறம்?’ சுகந்தி ‘அப்புறம்?’ சொல்லும்போது குரல் கடைசியில் கொஞ்சம் மேலே போகும். அந்த ‘அப்புறம்’ இருக்கும்வரை அந்தப் பக்கம் மகள் இருக்கிறாள், இந்தப் பக்கம் மனைவி இருக்கிறாள், நடுவில் நான் மியூட் போட்ட டீவியோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். என் வாழ்க்கையின் சிறந்த நேரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் அதை நிமிடக் கணக்காகக் குறித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது அமர்வில் இதையெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் சரளா கேட்டார்.

“மூணு கேள்விக்கு அப்புறம் என்ன சார்?”

“அப்புறம் சுகந்தி” என்றேன்.

நேரில் போனால் மேசையில் டிஷ்யூ பெட்டி வைத்திருப்பார்கள். ஆன்லைனில் அது நம் பொறுப்பு. நான் சமையலறைப் பேப்பர் ரோலோடு திரும்பி வரும்வரை அவர் அந்தச் செடியோடு காத்திருந்தார்.

ஐந்தாவது அமர்வில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். குணா சொன்னது போல் அறிவுரை இல்லை. ஒரு யோசனை என்றே சொன்னார். அபியிடம் எதுவும் கேட்க வேண்டாம். அந்த ஞாயிறு என்ன நடந்தது என்பதை அவளிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நான் பதினோரு குறிப்பு எழுதி வைத்தேன். பிறகு, சரளா என்ன சொல்வார் என்று தெரிந்ததால், நானே மூடி வைத்தேன்.

அபிக்கு மெசேஜ் அனுப்பினேன். ‘நான் தெரபி எடுத்துக்கொள்கிறேன். ஐந்து முடிந்தது. ஞாயிறு பேசலாமா?’ பதில் தட்டுகிறாள் என்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் வந்தன. மறைந்தன. மறுபடி வந்தன. ‘நீங்களா??’ என்று வந்தது. குணாவிடம் நான் கேட்ட அதே கேள்வி. கால் மணி நேரம் கழித்து, ‘சண்டே ஃபைவ். ஓகே.’

ஆக, கடையில் அந்தப் பெண் என்னைக் கேட்டதற்கு மறுநாள், ஞாயிறு, ஐந்து மணி.

“ஹாய் பா.”

‘சாப்பிட்டியா’ நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

“அபி, அன்னிக்கு நான் வாய் தவறிச் சொன்னேன்னு நீ நெனச்சிருப்ப. வாய் மட்டும் இல்லம்மா. எழுந்து கிச்சன் வரைக்கும் போயிட்டேன். போனை நீட்டிட்டு நின்னேன்.”

“தெரியும்பா.”

“தெரியுமா?”

“ஸ்லிப்பர் சத்தம் கேட்டுச்சு. கார்ப்பெட் முடிஞ்சு டைல்ஸ் வந்தா சத்தம் மாறும்ல.”

“உனக்குக் கோவம்னு நெனச்சேன்.”

“கோவம் இல்லப்பா.” பிறகு, “நீங்க குடுக்கறேன்னு சொன்னதும் நான் வெயிட் பண்ணேன்.”

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

“ரெண்டு செகண்ட் இருக்கும். அம்மா வந்து ‘என்னடா கண்ணா’ன்னு சொல்லப் போறாங்கன்னு... நெஜமாவே வெயிட் பண்ணேன் பா. அப்புறம்தான் புரிஞ்சுது. கட் பண்ணிட்டேன். அதுலேர்ந்து உங்க நம்பரைப் பாத்தாலே பயம். மறுபடி வெயிட் பண்ணிடுவேனோன்னு.”

நான்கு மாதமாக நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் என்னை வெறுக்கிறாள் என்று. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயப்படுகிறாள் என்று. அவளும் என்னைப் போலவே அந்த முனையில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். விவரம் வேண்டாம்.

பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு அவள் சாதாரணமாகச் சொன்னாள். “டேனியல்தான் சொல்லிட்டே இருந்தான், கூப்பிடு கூப்பிடுன்னு.”

“யாரு டேனியல்?”

“பா... அம்மா சொல்லலையா?”

“எதை?”

“ஐயோ. நான் இத்தனை நாளா உங்களுக்குத் தெரியும், பிடிக்கல, அதான் ஒரு வார்த்தைகூடக் கேக்க மாட்டேங்கறீங்கன்னு நெனச்சிட்டிருக்கேன்.”

“யாரும்மா அது?”

“நான்... நாங்க ரெண்டு வருஷமா ஒண்ணா இருக்கோம் பா. அம்மாவுக்குத் தெரியும். வீடியோல அவன்கிட்டப் பேசியிருக்காங்க. ரசம் வைக்கக்கூடச் சொல்லிக் குடுத்தாங்க.”

‘பெருங்காயத்தைக் கடைசில போடச் சொல்லு.’ சுகந்தி ஒரு ஞாயிறு சொன்னது எனக்கு நினைவு வந்தது. ‘போடு’ என்று சொல்லவில்லை, ‘போடச் சொல்லு’ என்றாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

“அம்மா என்ன சொன்னா?”

“‘அப்பாகிட்ட நீ அவசரப்பட்டு உளறிடாத. நானே நேரம் பாத்துப் பக்குவமா சொல்றேன்’னாங்க.”

“சரி” என்றேன். “முதல்லேர்ந்து சொல்லு.”

சொன்னாள். நன்றாகப் பேசுகிறாள் என் மகள். நடுநடுவே சிரிக்கிறாள். சுகந்தி இத்தனை வருடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பேசி முடித்தபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் சுகந்தி இல்லாத பதினான்கு மாதம் போனால், பத்து மாதம். நாற்பது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மேல் வருகிறது. அதில் ஒன்றுகூடச் சரியான நேரமாக அமையவில்லையா?

அவ்வளவு கடினமான ஆளாகவா இருந்தேன் நான், சுகந்தி?